இழுவையும் சிக்கனமும்

என் பெரியப்பா நாமக்கல் பக்கத்தில் ஒற்றை லாரி வைத்துப் பிழைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில், பள்ளி விடுமுறை நாள்களில், அவரோடு பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. கழற்றிய டீசல் பம்ப்பை மேசைமேல் பிரித்துப் போட்டபடி மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அண்ணே, இழுவை வேணுமா, மைலேஜ் வேணுமா?" பெரியப்பா ஒருமுறைகூட உடனே பதில் சொன்னதில்லை. ஏற்றப்போகும் பாரத்தையும் ஏறவேண்டிய மலைப்பாதையையும் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட்டியே வையப்பா" என்பார். அன்று மாலை வண்டி புறப்படும்போது பின்னால் கரும்புகை சுருண்டெழும். எங்களுக்கு அது பெருமையாகவே இருந்தது.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் முடிவு. நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். டீசல் எஞ்சினின் வரலாற்றை, குறிப்பாகப் பின்னால் கனத்த டிரெய்லர் பூட்டி இழுக்கும் அமெரிக்க பிக்கப் லாரிகளின் கதையைப் படிக்கப் படிக்க, கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்று தோன்றத் தொடங்கியது. இழுவையும் சிக்கனமும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்த மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பட்டறை மேசைக்கு யாரும் அழைப்பதில்லை.

ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியர். தோல் வேலையும் நூற்கட்டு வேலையும் செய்துவந்த தந்தையின் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது குடும்பம் ஊரைவிட்டு லண்டனுக்கு ஓடவேண்டி வந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அங்கிருந்து ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பின்னர் மியூனிக்கில் குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டேயின் வகுப்பில் அவரைத் தைத்த செய்தி ஒன்றுண்டு. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் நல்ல நீராவி எஞ்சின்கூட வேலையாக மாற்றியது. மீதி ஒன்பது பங்கும் வானத்துக்குப் போயிற்று. அந்த வீண்செலவை வாழ்நாள் முழுவதும் தன்னுடைய சொந்த நஷ்டம்போல் எண்ணிய மனிதர் அவர்.

அவர் கண்ட வழி எளிமையானது. காற்றைச் சிலிண்டருக்குள் அடைத்து மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட, எரிந்த வாயு பிறகு விரிந்து பிஸ்டனைத் தள்ளும் தொலைவும் கூடும். அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும். 1893இல் ஆக்ஸ்பர்க் ஆலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் பார்க்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்தபோது எஞ்சினின் திறன் 26.2 விழுக்காடு. நீராவியைப்போல் இரண்டரை மடங்கு.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த எஞ்சின் சிக்கனத்துக்காகவே பிறந்தது. வலிமை அதன் உபரி.

டீசலுக்கு இன்னொரு கனவும் இருந்தது. பெரிய நீராவி எஞ்சினைப் பெரிய முதலாளிதான் வாங்கமுடியும். அதனால் சிறுகைவினைஞர்கள் அழிகிறார்கள். தன்னுடைய எஞ்சின் சிறிதாக, மலிவாக, ஒரு தச்சனோ நெசவாளியோ சொந்தமாக வைத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கவேண்டும் என்று விரும்பினார். தொழிலாளர் கூட்டுறவு பற்றி 1903இல் தனிநூலே எழுதினார். நூல் விலைபோகவில்லை, எஞ்சினும் அவர் நினைத்த வழியில் போகவில்லை. எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்த அன்று தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்தது. அதன் கனமும் விலையும் சேர்ந்து எஞ்சினைத் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் மட்டுமே உரியதாக்கிவிட்டன. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசலால் கடல் கடந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் என்ற கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். சில நாள்கள் கழித்து ஓர் உடல் கடலில் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த பொருள்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். கடன் சுமை அவரை அழுத்திக்கொண்டிருந்தது என்பது மட்டும் உறுதி. வீண்செலவைச் சகிக்காத மனிதரின் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இப்படி முடிந்திருக்கிறது.

காற்றழுத்தியை ஒழித்த பெருமை இருவருக்கு உரியது. பென்ஸ் நிறுவனத்தின் ப்ராஸ்பர் லொராஞ்ச் 1909இல் சிலிண்டருக்கு முன்னால் சிற்றறை ஒன்று வைத்து அதில் எரிப்பைத் தொடங்கும் முறையைக் கண்டார். ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927 முதல் துல்லியமான எரிபொருள் பம்ப்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. பெரியப்பாவின் மெக்கானிக் மேசைமேல் பிரித்துப் போட்டிருந்தது அந்தப் பம்ப்பின் வழித்தோன்றல்தான். லாரிக்குள் டீசல் நுழைந்தது இவ்வாறே.

இழுவைக்கும் சிக்கனத்துக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் கண்டவர் ஆல்ஃபிரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் என்பேன். டீசலே திறம்பட எரித்தபின்னும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. அந்தச் சூடான வாயுவை ஒரு சக்கரத்தின்மேல் மோதவிட்டு, அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணித்தால் என்ன? 1905இல் அவர் காப்புரிமை கேட்டது இதற்குத்தான். இன்று டர்போ என்று எல்லோரும் சொல்வது இது. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்களில் அதைப் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆயிற்று.

காரணத்தைச் சற்று விளக்கவேண்டும், பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சார்ந்தது. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். வீட்டு அடுப்பில் விறகை அடைத்துவிட்டு ஊதாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். காற்று போதாத எஞ்சினில் எரிபொருளைக் கூட்டினால் அதில் ஒரு பகுதி எரியாமல் கரியாக வெளியேறும். நாங்கள் பெருமைப்பட்ட கரும்புகை பெரியப்பா காசு கொடுத்து வாங்கி எரிக்காமல்விட்ட டீசல்! காற்றைக் கூட்டினால் நிலைமை மாறுகிறது. அதே எரிபொருள் முழுமையாக எரிகிறது. வேண்டுமானால் கூடுதல் எரிபொருளையும் எரிக்கலாம். முன்னது சிக்கனம், பின்னது இழுவை. ஓட்டுகிறவனின் காலைப் பொறுத்து ஒரே டர்போ இரண்டையும் தருகிறது.

அமெரிக்காவில் இந்தக் கதையைச் சாலைக்குக் கொண்டுவந்தவர் கிளெசி கம்மின்ஸ். இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில், வில்லியம் இர்வின் என்ற வங்கியாளரிடம் கார் ஓட்டுநராக இருந்தவர். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். அந்த வங்கியாளரின் பணத்தில் 1919இல் டீசல் எஞ்சின் நிறுவனம் தொடங்கினார். பத்தாண்டுகள் பணம் போய்க்கொண்டே இருந்தது. 1929 கிறிஸ்துமஸ் நாளன்று, பழைய பேக்கார்ட் கார் ஒன்றில் தம் டீசல் எஞ்சினைப் பொருத்தி, சோர்ந்துபோயிருந்த இர்வினை அதில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார் என்பது அந்த நிறுவனம் இன்றும் சொல்லும் கதை. அடுத்த சில நாள்களில் அதே காரை இந்தியானாபொலிசிலிருந்து நியூயார்க்குக்கு, ஏறத்தாழ 1,275 கிலோமீட்டர், ஓட்டிச் சென்றார். எரிபொருள் செலவு ஒரு டாலர் 38 சென்ட். பங்குச்சந்தை விழுந்து இரண்டு மாதமே ஆகியிருந்த நாட்டில் அந்தத் தொகையைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

1931 இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவருடைய டீசல் கார் எரிபொருள் நிரப்ப ஒருமுறைகூட நிற்காமல் ஓடி முடித்தது. வேகத்தில் பதின்மூன்றாம் இடம். மற்றவர்கள் நின்று நிரப்பிக்கொண்டிருந்தபோது இது போய்க்கொண்டே இருந்தது. அதே ஆண்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஒரு லாரியை 11 டாலர் 22 சென்ட் எரிபொருளில் ஓட்டிக் காட்டினார். அந்தப் பயணத்தின் முடிவில்தான், கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில், பிரேக் சூடேறிப் பிடிக்காமற்போய் லாரி தறிகெட்டு உருண்டது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடந்த கணத்தில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது.

டீசலின் சிக்கனத்துக்குக் காரணமான ஓர் இயல்பே இங்கே அவரைக் கொல்லப் பார்த்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் மூடி உண்டு. காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ள, எஞ்சின் மூச்சுமுட்டி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டீசலில் அந்த மூடி இல்லை. அது எப்போதும் தாராளமாக மூச்சுவிடும், அதனால் எரிபொருள் மிச்சம். அதனாலேயே இறக்கத்தில் தன் வேகத்தைத் தானே பிடித்து நிறுத்தவும் தெரியாது. புறநானூற்றில் ஔவையார், பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரிடும் என்று உமணர் தம் உப்பு வண்டியில் சேமஅச்சைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் கஹோன் கணவாய் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கம்மின்சின் சேமஅச்சு வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. அழுத்திய காற்றை அழுத்தத்தின் உச்சியிலேயே வெளியே திறந்துவிட்டு எஞ்சினைப் பிரேக்காக மாற்றும் முறையை அவர் ஓய்வுபெற்றபின் வகுத்தார். 1961 முதல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதைச் செய்து விற்றது. கனத்த பாரம் இழுக்கிறவர்களிடம் கேட்டால், எஞ்சினின் மிகப் பெரிய முன்னேற்றம் எதுவென்ற கேள்விக்கு டர்போவைச் சொல்லாமல் இதைச் சொல்பவர்கள் பலர் இருப்பார்கள்.

1952இல் அந்த நிறுவனம் மறுபடியும் பந்தயத்துக்கு வந்தது. இம்முறை டர்போ பூட்டிய டீசல், உயரம் குறையும்படி பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்த எஞ்சின். ஃப்ரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் எல்லாரையும் முந்தி முதல் வரிசையின் முதலிடத்தைப் பிடித்தார். பந்தயத்தில் எழுபத்தொன்றாம் சுற்றில் வண்டி நின்றது. தரையோடு தாழ்ந்திருந்த டர்போவின் வாயில், முன்னால் ஓடிய கார்களின் டயர்களிலிருந்து தெறித்த ரப்பர்த் துணுக்குகள் அடைத்துக்கொண்டன. அதுவரை உலகின் வேகமான பெட்ரோல் கார்களை வென்ற எஞ்சின், காற்று கிடைக்காமல் தோற்றது.

பிக்கப் லாரியின் கதை இதற்குப் பிறகுதான். நம் ஊரில் பிக்கப் என்றால் காய்கறி ஏற்றும் சின்ன வண்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது விவசாயி, கட்டட வேலைக்காரர், குதிரை வளர்ப்பவர் ஆகியோரின் சொந்த வண்டி. பின்னால் பல டன் டிரெய்லரைப் பூட்டி வைக்கோலையோ மாட்டையோ பொக்லைனையோ இழுத்துச் செல்வது. 1973 எண்ணெய் நெருக்கடி வரும்வரை அவர்கள் பெரிய பெட்ரோல் எஞ்சின்களோடு நிம்மதியாக இருந்தார்கள். 1974 ஜனவரியில் நாடு முழுவதும் வேகம் மணிக்கு 55 மைலுக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது. பாரவண்டிக்கு அதைவிட நல்ல மைலேஜ் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் கருத்து. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் ஏறும். சுவர்போல் நிமிர்ந்த டிரெய்லரை மணிக்கு 88 கிலோமீட்டரில் இழுப்பதற்கும் 112இல் இழுப்பதற்கும் இடையே காற்றோடு போராடும் திறன் இரு மடங்கு. மக்கள் அந்தச் சட்டத்தை வெறுத்தார்கள். 1995இல் அது நீக்கப்பட்டது.

சட்டம் பிடிக்காதவர்கள் எஞ்சினைத் தேடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1978இல் தந்த 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் டீசலில் சிலிண்டர் தலையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் டீசலின் அழுத்தத்துக்குப் போதவில்லை. டீசல் என்ற பெயரே அமெரிக்கக் குடும்பங்களில் கெட்டது. 1982இல் அதே நிறுவனத்தின் 6.2 லிட்டரும் 1983இல் ஃபோர்டின் 6.9 லிட்டரும் தேவலாம். ஆனால் அவை லொராஞ்ச் வழிவந்த சிற்றறை எஞ்சின்கள், டர்போ இல்லாதவை. சிற்றறையின் சுவர் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

1989இல் டாட்ஜ் நிறுவனம் செய்தது ஏறக்குறைய நாட்டுப்புறத்து வேலை. 1972லிருந்து உடல் மாறாத, விற்பனை தளர்ந்த பழைய பிக்கப்புக்குள், உழவு எந்திரங்களுக்கும் கட்டட எந்திரங்களுக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினை இறக்கிவைத்தது. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், சிற்றறை இல்லாமல் நேரடி எரிப்பு, டர்போ. 160 குதிரைத்திறன் என்பது அன்றைக்கும் பெரிய எண்ணன்று. ஆனால் டார்க் எனப்படும் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதாவது 542 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் சோம்பலாகச் சுற்றும்போதே கிடைத்தது. பாரத்தை நகர்த்துவது அந்த விசை. பெட்ரோல் பிக்கப்புகள் இரைந்து ஏறிய மேட்டில் இது முணுமுணுத்தபடி ஏறியது, எரிபொருளும் குறைவு. 1991இல், டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதே இடத்தில் அதிகம் அடங்கும்.

டீசலின் பழைய கனவு இங்கே நிறைவேறியதாக நான் நினைத்துக்கொள்வதுண்டு. பெரிய நிறுவனத்தின் லாரியை எதிர்பார்க்காமல் தன் பாரத்தைத் தானே இழுக்கும் தனிமனிதனின் கையில் அந்த எஞ்சின் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்கு நம் பக்கத் தொடர்பும் ஒன்றுண்டு. டாட்டாவும் கம்மின்சும் 1993இல் கூட்டாகத் தொடங்கிய ஜாம்ஷெட்பூர் ஆலையில் செய்யப்பட்டது இதே குடும்பத்து எஞ்சின். பெரியப்பா கடைசியாக வாங்கிய டாட்டா லாரியில் இருந்தது அதுதான். அவருக்கும் டெக்சாஸ் விவசாயி ஒருவருக்கும் எஞ்சின் உறவு இருந்ததை அவர் அறியாமலே போய்விட்டார்.

அறிந்திருந்தால் பம்ப்பைத் திருகுவதிலும் ஒற்றுமை கண்டிருப்பார். அமெரிக்க வண்டிகளில் 1993 வரை இருந்த பாஷ் பம்ப்பின் பின்புறத்தில் ஒரு திருகு. திருகினால் எரிபொருள் கூடும். மேலே ஒரு சவ்வும் அதனடியில் கூம்பு வடிவத் தண்டும் இருக்கும். டர்போ போதிய காற்றை அனுப்பும்வரை எரிபொருளைக் காத்திருக்கச் சொல்லும் பொறுமைக்காரத் தண்டு அது. வண்டிக்காரர்கள் அதையும் திருப்பிவைத்தார்கள். இவற்றில் விவேகமானவர்களும் உண்டு. முதலில் காற்று போகும் வழியை அகலமாக்கி, புகைக்குழாயை விரித்து, புகையின் வெப்பம் காட்டும் மானியை ஓட்டுநர் முன் பொருத்திக்கொண்டு, 1,250 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 677 செல்சியஸ், தாண்டினால் காலைத் தளர்த்துவார்கள். பிஸ்டன் அலுமினியம், அதற்குமேல் நெடுநேரம் தாங்காது. இவர்களுக்கு இழுவையும் கூடியது, மிதமாக ஓட்டும்போது மைலேஜும் கெடவில்லை. மற்றவர்கள் எரிபொருளை மட்டும் கூட்டினார்கள். பிற்காலத்தில் கரும்புகை கக்குவதையே விளையாட்டாக்கி, அதற்கு ரோலிங் கோல் என்று பெயர் வைத்து, பின்னால் வருகிறவர்மேல் ஊதிவிட்டுச் சிரிக்கும் கூட்டம் ஒன்றும் கிளம்பியது. அவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. பட்டறை வாசலில் நின்று பெருமைப்பட்ட பையன் நான்.

கரும்புகை கண்ணுக்குத் தெரியும் எதிரி. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. எரிபொருளைக் கணநேரம் முன்னதாகச் செலுத்தினால் எரிப்பு உச்சமான சூட்டில் நடக்கும். சிக்கனமும் இழுவையும் சேர்ந்தே உயரும். அந்தச் சூட்டில்தான் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. மூச்சுக்குழலை அரிப்பவை அவை. சூட்டைத் தணித்தால் இந்த நஞ்சு குறையும், கரி கூடும், மைலேஜ் விழும். இழுவைக்கும் சிக்கனத்துக்கும் எதிராளி என்று முன்பு சொன்னது இதைத்தான்: வெளிக்காற்றின் தூய்மை.

இந்தப் பேரத்தை முதலில் கள்ளத்தனமாக முடித்தவர்கள் தனிமனிதர்களல்லர். 1998 அக்டோபரில், கம்மின்ஸ், கேட்டர்பில்லர், வால்வோ, மேக் உள்ளிட்ட ஏழு பெரிய டீசல் எஞ்சின் நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு உடன்பாட்டுக்கு வந்தன. ஏறத்தாழ 13 லட்சம் எஞ்சின்களின் மின்னணு மூளை, சோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது வேறு விதமாகவும் நடந்துகொண்டது என்பது குற்றச்சாட்டு. நெடுஞ்சாலையில் அது மாறிக்கொண்ட நிலை எது தெரியுமா? எரிபொருள் சிக்கன நிலை. லாரிக்காரருக்கு மிச்சமான ஒவ்வொரு காலனுக்கும் சாலையோர ஊர்கள் மூச்சால் விலை கொடுத்துக்கொண்டிருந்தன. அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர்.

பிறகு விதிகள் இறுகின. 2007 முதல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அது நிரம்பும்போதெல்லாம் கூடுதல் டீசலைச் செலவிட்டுக் கரியைச் சுட்டெரிக்கவேண்டும். புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள் விட்டுச் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த ஆண்டுகளில் பிக்கப் வாங்கியவர்கள், பழைய 5.9 லிட்டரைவிடப் புது வண்டி அதிகம் குடிக்கிறது என்று புலம்பியது பொய்யன்று. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது; தேடிய பரிகாரத்தில் இல்லை. வடிகட்டியை அறுத்தெறிந்து மின்னணு மூளையை மாற்றி எழுதும் தொழிலே ஒன்று வளர்ந்தது. 2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகள் இப்படி மாற்றப்பட்டிருந்தன. அவற்றின் ஆயுளுக்குள் வெளியேறும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல். விதிப்படி ஓடும் 90 லட்சம் பிக்கப்புகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை.

வண்டிக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ளவும் வரலாறு விடவில்லை. 2023 டிசம்பரில், 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்கப் எஞ்சின்களில் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் வைத்ததாக எழுந்த வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரிய தொகை. தான் தவறிழைத்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. கார் ஓட்டுநர் ஒருவர் 1 டாலர் 38 சென்ட் கணக்குக் காட்டித் தொடங்கிவைத்த நிறுவனம் அது.

இதற்கிடையில் தொழில்நுட்பம் ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தது என்பதுதான் இதில் வேதனை. 2010 வாக்கில் பரவிய முறை: எஞ்சினைச் சூடாகவே, சிக்கனமாகவே எரியவிடு, வெளியேறும் நஞ்சைப் புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்று. இழுவையையும் மைலேஜையும் அடகுவைக்காமல் காற்றின் கணக்கைத் தீர்க்கலாம்; செலவு, எரிபொருளில் நூற்றுக்குச் சில பங்கு யூரியாக் கரைசல். ஃபோர்டு 2023இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிக்கப் டீசல் ஒன்று 500 குதிரைத்திறனும் 1,200 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தந்தது. 1989 டாட்ஜைப்போல் மூன்று மடங்கு. அதுவும் யூரியா குடிக்கும் வண்டிதான்.

2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்து முதல் பிரிவில் சேர்த்தது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கடைசி இரண்டு ஆண்டுகள் இருமிக்கொண்டே இருந்தார். பீடியால் என்றார்கள். இருக்கலாம்; அவர் பீடி குடித்தவர்தான். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவரும்கூட.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்தபின் நம் லாரிகளுக்கும் யூரியாத் தொட்டி வந்துவிட்டது. கொஞ்ச நாள் முன்பு சேலம் சாலையில் ஒரு பங்க்கில் நின்றிருந்தபோது, இளம் ஓட்டுநர் ஒருவர் பக்கெட்டிலிருந்து அந்தக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். இது ஒரு தண்டச் செலவு என்று அலுத்துக்கொண்டார். ஊற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் லைட் எரியும் சார். அப்புறம் வண்டி இழுக்காது."